எக்ஸ்சேஞ்சில் போன இடத்தில் ரிசார்ட் ஃபீ: திரும்பக் கேட்கலாமா?

கேள்வி:

வணக்கம் மேடம். நாங்கள் டாலஸ் பக்கம் இருக்கிறோம். சில வருஷங்களுக்கு முன் ஆர்லாண்டோவில் ஒரு டைம்ஷேர் வாரம், அதாவது ஒரு ரிசார்ட் யூனிட்டை வருஷத்தில் ஒரு வாரம் பயன்படுத்தும் உரிமை, வாங்கினோம். அதன் வருடாந்தரப் பராமரிப்புக் கட்டணமான மெயின்டனன்ஸ் ஃபீயை ஒரு வருஷம்கூடத் தவறவிட்டதில்லை. இந்த முறை மதுரையிலிருந்து மாமனார், மாமியார் வந்திருந்ததால், எங்கள் வாரத்தை, வாரங்களை மாற்றிக்கொடுக்கும் எக்ஸ்சேஞ்ச் கம்பெனியில் டெபாசிட் செய்து லாஸ் வேகஸில் இரண்டு பெட்ரூம் யூனிட் எடுத்தோம். எக்ஸ்சேஞ்ச் கட்டணத்தையும் தனியாகக் கட்டினோம்.

செக்-இன் கவுண்டரில் போய் நின்றால், வசதிகளுக்கென்று ஒரு இரவுக்கு 40 டாலர் ரிசார்ட் ஃபீ என்றார்கள். ஏழு இரவுக்கு வரியோடு 317 டாலர். கன்ஃபர்மேஷனில் அப்படி எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. பெரியவர்களை நிற்க வைத்துக்கொண்டு வாதாட முடியாமல், நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதே ரிசார்ட்டில் வாரம் வாங்கி வைத்திருக்கும் நண்பர் இந்தக் கட்டணத்தைக் கட்டியதே இல்லையாம். "சேல்ஸ் பிரசென்டேஷனுக்கு வந்து உட்கார்ந்தால் கழித்துக்கொள்கிறோம்" என்றும் சொன்னார்கள், நாங்கள் போகவில்லை.

இது சட்டப்படி சரியா? பணம் திரும்பக் கிடைக்குமா? அடுத்த வருஷம் ஹவாயில் மாவி தீவுக்குப் போக எடுத்திருக்கும் எக்ஸ்சேஞ்சில் தினமும் வரி கட்ட வேண்டும் என்று போட்டிருக்கிறது, அதுவும் இதே கதைதானா? சென்னையில் கிளப் மஹிந்திரா என்ற விடுமுறை கிளப்பில் மெம்பராக இருக்கும் என் அண்ணன் ஆர்சிஐ என்ற எக்ஸ்சேஞ்ச் கம்பெனி வழியாக ஆர்லாண்டோ வரப்போகிறார். அவருக்கு என்ன சொல்லி வைக்க வேண்டும்?

பதில்:

கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்சேஞ்சில் வரும் விருந்தினரிடம் ரிசார்ட் ஃபீ வாங்கக் கூடாது என்று தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. உங்கள் 317 டாலர் பெரும்பாலும் ஒரே காகிதத்தைப் பொறுத்து நிற்கிறது. எக்ஸ்சேஞ்சை நீங்கள் உறுதிசெய்த அன்று வந்த கன்ஃபர்மேஷனில் இந்தக் கட்டணம் இருந்ததா, இல்லையா? "கண்ணில் படவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். கண்ணில் படாமல் இருப்பதும் அங்கே இல்லாமலே இருப்பதும் வேறு வேறு வழக்குகள். மின்னஞ்சலைத் திறந்து கடைசிவரை ஒருமுறை படித்துவிட்டு இதைத் தொடருங்கள்.

படித்தாயிற்றா? சரி, உங்கள் கோபத்துக்கு வருவோம். அதில் நியாயம் இருக்கிறது, ஒரு வக்கீலாக நான் கொடுக்கக்கூடிய உதவியைவிடக் கூடுதலாகவே இருக்கிறது.

டைம்ஷேர் எக்ஸ்சேஞ்ச் ஐம்பது வருஷத்து ஏற்பாடு. ஆர்சிஐ 1974இல் இண்டியானாபோலிஸில் தொடங்கியது, இன்டர்வெல் இன்டர்நேஷனல் 1976இல் மயாமியில். ஒவ்வொருவரும் தன் வாரத்தைப் பொதுத் தொகுப்பில் போட்டுவிட்டு இன்னொருவர் போட்ட வாரத்தை எடுத்துக்கொள்வது என்பதுதான் அன்றிலிருந்து அடிப்படை. வேகஸில் நீங்கள் தங்கிய யூனிட்டுக்கும் அந்த வாரத்துக்கான மெயின்டனன்ஸ் ஃபீயை யாரோ ஒருவர் கட்டியிருக்கிறார். அந்த வாரத்தைத் தொகுப்பில் போட்ட சொந்தக்காரர் கட்டியிருக்கலாம், விற்காத வாரங்களைக் கையில் வைத்திருக்கும் டெவலப்பர் கட்டியிருக்கலாம். நீச்சல்குளம், லிஃப்ட், வரவேற்புக் கவுண்டர் ஊழியர் சம்பளம், காப்பீடு, கூரை மாற்றச் சேர்த்துவைக்கும் ரிசர்வ் நிதி என்று எல்லாமே அந்தக் கட்டணத்துக்குள் அடக்கம். உங்கள் நண்பர் அங்கே தங்கினால் இவற்றுக்குத் தனியாகக் காசு இல்லை, ஏனென்றால் அவர் வாரத்துக்கான பணம் ஏற்கெனவே வந்துவிட்டது. நீங்கள் தங்கிய வாரத்துக்கும்தான் வந்துவிட்டது. மொய் எழுதிவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தவரிடம் இலைக்குத் தனியாகக் காசு கேட்பது போலத்தான் இது.

ரிசார்ட் தரப்பைக் கேட்டால் அவர்களிடமும் பதில் இருக்கும். அதில் ஒன்றை நான் ஒப்புக்கொள்கிறேன். வேகஸ் போன்ற ஊர்களில் சில டைம்ஷேர் கட்டடங்கள் ஒரு பெரிய ஹோட்டல் வளாகத்துக்குள் ஒரு கோபுரமாக மட்டும் நிற்கும். குளமும் ஜிம்மும் ஹோட்டலுக்குச் சொந்தம். உரிமையாளர் சங்கம் தன் உறுப்பினர்களுக்காக ஹோட்டலுக்கு ஒரு தொகை கொடுக்கும், வெளியாட்கள் கணக்கில் வரமாட்டார்கள். அப்படி நிஜமாகவே ஒரு ஒப்பந்தம் இருந்தால் எக்ஸ்சேஞ்ச் விருந்தினரிடம் ஏதாவது வாங்குவதில் தர்க்கம் இருக்கிறது. மற்ற இடங்களில் எனக்குத் தெரிவது வேறு கணக்கு. சங்கத்தின் போர்டை உரிமையாளர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். மெயின்டனன்ஸ் ஃபீயை ஏற்றினால் அடுத்த கூட்டத்தில் அவர்கள் சத்தம் போடுவார்கள். ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகும் நீங்கள் சத்தம் போட மாட்டீர்கள், உங்களுக்கு அங்கே ஓட்டும் இல்லை. பட்ஜெட்டில் துண்டு விழுந்தால் அதை யார் தலையில் கட்டுவது சுலபம் என்று போர்டுக்குத் தெரியாதா என்ன?

அப்புறம் அந்தக் கட்டணத்துக்குப் பதிலாக என்ன கிடைக்கிறது என்று அச்சடித்துக் கொடுப்பார்களே, அதையும் எடுத்துப் பாருங்கள். வைஃபை, ஜிம், உள்ளூர் தொலைபேசி அழைப்பு, தண்ணீர் பாட்டில். எல்லோர் கையிலும் செல்போன் இருக்கும் காலத்தில் அறை போனிலிருந்து உள்ளூர் அழைப்பு இலவசம் என்று எழுத ஒரு தைரியம் வேண்டும்.

நியாயம் இப்படி உங்கள் பக்கம் இருக்க, ஒப்பந்தம் எந்தப் பக்கம் என்பதில்தான் சிக்கல். எக்ஸ்சேஞ்ச் கம்பெனிகளின் விதிமுறைகளில், தங்கும் ரிசார்ட் விதிக்கும் வரி, மின்கட்டணம், டெபாசிட், வசதிகளுக்கான கட்டணம் எல்லாம் விருந்தினர் பொறுப்பு என்ற பொருளில் ஒரு வாசகம் இருக்கும். மெம்பராகச் சேர்ந்தபோதே அதற்கு நீங்கள் சம்மதித்திருக்கிறீர்கள். "எக்ஸ்சேஞ்ச் கட்டணம் கட்டிவிட்டேனே, அதில் எல்லாம் அடங்காதா?" என்ற வாதம் இதனால் எடுபடாது. அந்தக் கட்டணம் முழுவதும் எக்ஸ்சேஞ்ச் கம்பெனிக்குப் போவது, ரிசார்ட்டுக்கு அதில் சம்பந்தமில்லை.

ஆனால் அந்தப் பொது வாசகத்தை வைத்துக்கொண்டு எதை வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம் என்றும் ஆகிவிடாது. ரிசார்ட் கட்டாயமாக ஏதாவது வாங்கினால் அதை எக்ஸ்சேஞ்ச் கம்பெனிகள் அந்த ரிசார்ட்டின் பக்கத்திலும் கன்ஃபர்மேஷனிலும் குறிப்பிடுவது வழக்கம். "மேண்டேட்டரி" (கட்டாயம்) என்ற சொல் அங்கே இருக்கிறதா என்று தேடுங்கள். அந்தச் சொல்லோடு தொகையும், ஒரு இரவுக்கா ஒரு தங்கலுக்கா என்பதும் இருந்தால் ரிசார்ட் தன் கடமையைச் செய்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். "கட்டணங்கள் இருக்கலாம்" என்று பூசி மெழுகியிருந்தால் உங்களுக்குப் பேச இடம் உண்டு. தொகை 25 டாலர் என்று போட்டுவிட்டு 40 வாங்கியிருந்தால் வித்தியாசத்தை உரிமையோடு கேட்கலாம். எதுவுமே இல்லை என்றால் முழுத் தொகையையும் கேளுங்கள்.

முறையாகச் சொல்லி வாங்கியதற்கு உதாரணம் வேண்டுமானால், டிஸ்னி வெகேஷன் கிளப் ஆர்சிஐயோடு இருந்த காலத்தில் எக்ஸ்சேஞ்சில் வருபவர்களிடம் ஒரு தங்கலுக்கு 95 டாலர் வாங்கியது. அது யாருக்கும் இனிக்கவில்லை, ஆனால் புக் செய்யும்போதே தெரியும். மெக்ஸிகோவில் உணவும் பானமும் சேர்ந்த ஆல் இன்க்ளூசிவ் ரிசார்ட்டுகள் பலவற்றில் இது இன்னும் பெரிய தொகை. ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கட்டாயம் கட்ட வேண்டும், நால்வர் ஒரு வாரம் தங்கினால் ஆயிரக்கணக்கில் போய்விடும். எக்ஸ்சேஞ்சில் கான்கூன் கிடைத்துவிட்டது என்று துள்ளிக் குதிப்பவர்கள் முதலில் அந்தக் கட்டணக் குறிப்பைத் தேடிப் பார்ப்பது நல்லது.

இனி சட்டம். ஹோட்டல்களின் ரிசார்ட் ஃபீ மீது அமெரிக்காவில் பத்துப் பன்னிரண்டு வருஷமாக ஒரு போராட்டம் நடக்கிறது. நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2012இல் 22 ஹோட்டல் நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. 2019இல் வாஷிங்டன் டிசியின் அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமை வக்கீல்) மேரியட் மீதும், நெப்ராஸ்காவின் அட்டர்னி ஜெனரல் ஹில்டன் மீதும் வழக்குப் போட்டார்கள். 2023இல் உங்கள் டெக்சாஸே ஹயாத் மீது போட்டது. கலிஃபோர்னியாவில் 2024 ஜூலை 1 முதல் கட்டாயக் கட்டணங்களை விலையோடு சேர்த்தே காட்ட வேண்டும். அதற்குப் பிறகு கமிஷனே கொண்டுவந்த விதி 2025 மே 12 முதல் நாடு முழுக்க அமலில் இருக்கிறது. குறுகிய காலத் தங்குமிடங்களும் நேரடி நிகழ்ச்சிகளின் டிக்கெட்டுகளும் அதன் கீழ் வருகின்றன.

அந்த விதி ரிசார்ட் ஃபீயை ஒழித்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது, உங்களுக்கும் வந்திருக்கலாம். ஒழிக்கவில்லை. விலையை விளம்பரப்படுத்தினால் கட்டாயக் கட்டணத்தையும் சேர்த்த முழு விலையைக் காட்டு என்கிறது, அவ்வளவுதான். இங்கேதான் உங்கள் வழக்கு நழுவுகிறது. ஹோட்டல் அறைக்கு 129 டாலர் என்று விலை போடுகிறார்கள், அதில் மறைத்தால் பிடிக்கலாம். எக்ஸ்சேஞ்சில் ஒரு இரவுக்கு விலையே கிடையாது. நீங்கள் கொடுத்தது ஒரு வாரம், வாங்கியது ஒரு வாரம். இந்த விதியை அதன்மேல் பொருத்திப் பார்க்கலாம் என்று வாதாட முடியும், எதிர்த்தரப்பும் சளைக்காமல் வாதாடும். 317 டாலருக்கு அந்தச் சண்டையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆனால் அதே விதியில் இன்னொரு பகுதி இருக்கிறது. ஒரு கட்டணம் என்ன, எதற்காக, எவ்வளவு என்பதைத் திரித்துச் சொல்லக் கூடாது என்கிறது. ரிசார்ட்டின் சொந்தக் கட்டணத்தைக் காட்டி "இது அரசாங்க வரி, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது" என்று கவுண்டரில் யாராவது சொல்லியிருந்தால், யார், எப்போது சொன்னார் என்பதைக் குறித்து வையுங்கள். கடிதத்தில் அது கனமான வாக்கியமாக இருக்கும்.

உங்கள் வாரம் ஃப்ளோரிடாவில் இருப்பதால் இதையும் சொல்கிறேன். அந்த மாநிலத்தின் டைம்ஷேர் சட்டம், அதாவது 721ஆம் அத்தியாயம், எக்ஸ்சேஞ்ச் கம்பெனிகளுக்குத் தனிப் பிரிவு வைத்திருக்கிறது. டைம்ஷேர் விற்கும்போதே எக்ஸ்சேஞ்ச் திட்டத்தின் விதிகளையும் கட்டணங்களையும் எழுத்தில் கொடுத்தாக வேண்டும். வாங்கிய அன்று கொடுத்த கனமான ஃபைல் வீட்டில் எங்கேயாவது இருக்கும். அதில் எக்ஸ்சேஞ்ச் பற்றிய புத்தகத்தை எடுத்து, தங்கும் ரிசார்ட்டின் கட்டணங்கள் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஒன்றுமே எழுதவில்லை என்றால் அந்தப் பக்கத்தின் நகல் உங்கள் கடிதத்தோடு போகட்டும்.

பணத்தைக் கேட்கும் முறை. முதல் கடிதம் எக்ஸ்சேஞ்ச் கம்பெனிக்குப் போக வேண்டும், ரிசார்ட்டுக்கு நகல். பலர் நேரே ரிசார்ட்டோடு மல்லுக்கு நிற்கிறார்கள், அங்கே உங்களைக் கண்டுகொள்ள யாருக்கும் அவசரம் இல்லை. எக்ஸ்சேஞ்ச் கம்பெனிக்கு நீங்கள் வருஷா வருஷம் சந்தா கட்டும் வாடிக்கையாளர். கன்ஃபர்மேஷன் நகல், ரிசார்ட் ரசீது, அன்று அந்த ரிசார்ட் பக்கத்தில் என்ன இருந்தது என்பதற்கான படம் இருந்தால் அதுவும். "உறுதிசெய்தபோது இந்தக் கட்டணம் எனக்குத் தெரிவிக்கப்படவில்லை, 317 டாலரைத் திருப்பித் தர வேண்டும்" என்று ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். மாமனார், மாமியார் நின்றது, கால் வலித்தது எல்லாம் வேண்டாம். பணமாகத் தர முடியாது என்றால் அடுத்த எக்ஸ்சேஞ்ச் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும்படி கேளுங்கள். பணத்தைவிட அதை விட்டுக்கொடுப்பது அவர்களுக்குச் சுலபம்.

ரசீதில் "வரி" என்று இருப்பதையும் விட்டுவிடாதீர்கள். எந்த வரி, யார் விதித்தது, எத்தனை சதவீதம் என்று எழுத்தில் கேளுங்கள். பெயர் சொல்ல முடியாத வரியை அவர்கள் வசூலித்திருக்கக் கூடாது.

கிரெடிட் கார்டில் டிஸ்ப்யூட், அதாவது கட்டணத்தை ஆட்சேபிக்கும் புகார், போடலாமே என்று யாராவது சொல்லியிருப்பார்கள். ஃபேர் கிரெடிட் பில்லிங் சட்டப்படி, அந்தக் கட்டணம் வந்த ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் உங்கள் எழுத்துப்பூர்வக் கடிதம் கார்டு கம்பெனிக்குப் போய்ச் சேர வேண்டும். பணம் கட்டும் முகவரிக்கு அனுப்பக் கூடாது, பில்லிங் விசாரணைக்கென்று தனி முகவரி ஸ்டேட்மென்டிலேயே இருக்கும். கிடைத்த 30 நாளுக்குள் அவர்கள் ஒப்புகை தர வேண்டும், இரண்டு பில்லிங் சுழற்சிக்குள், எப்படியும் 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். விசாரணை நடக்கும்வரை அந்தத் தொகையை மட்டும் கட்டாமல் நிறுத்தி வைக்கலாம்.

ஆனால் நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். ரெஜிஸ்ட்ரேஷன் கார்டு என்று நீட்டுவார்களே, அதில்தான் ஒரு இரவுக்கு எவ்வளவு என்று அச்சடித்திருக்கும். ரிசார்ட் அதை ஸ்கேன் செய்து அனுப்பினால் கார்டு கம்பெனி அவர்கள் பக்கம் சாய வாய்ப்பு அதிகம். கன்ஃபர்மேஷனில் கட்டணம் இல்லவே இல்லை, அல்லது வேறு தொகை இருந்தது என்று காட்ட முடிந்தால் மட்டும் இந்த வழிக்குப் போங்கள். அங்கே இருந்தும் கவனிக்காமல் விட்டிருந்தால் டிஸ்ப்யூட் நேர விரயம். இனி எப்போதாவது இப்படி நடந்தால், கையெழுத்துக்குப் பக்கத்தில் "ஆட்சேபத்தோடு கட்டுகிறேன், கன்ஃபர்மேஷனில் இல்லை" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதிவிட்டு அந்தத் தாளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாதாட வேண்டாம், குரல் உயர்த்த வேண்டாம், பின்னால் நிற்பவர்களும் முணுமுணுக்க மாட்டார்கள்.

வேகஸ் இருக்கும் நெவாடாவில் டைம்ஷேர்களைக் கண்காணிப்பது அந்த மாநிலத்தின் ரியல் எஸ்டேட் டிவிஷன். எக்ஸ்சேஞ்ச் கம்பெனியும் ரிசார்ட்டும் மாற்றி மாற்றிக் கை காட்டினால் அங்கே ஒரு புகார் போடலாம், இணையத்திலேயே முடியும். சிறு வழக்கு நீதிமன்றத்துக்காக வேகஸுக்கு விமானம் ஏற வேண்டாம், டிக்கெட் விலையே 317 டாலரைத் தின்றுவிடும்.

இவை எல்லாவற்றையும்விட ரிசார்ட்டுக்கு உறைக்கிற ஒன்று உங்கள் கையிலேயே இருக்கிறது, பெரும்பாலானோர் அதைக் குப்பையில் போடுகிறார்கள். தங்கிவிட்டு வந்ததும் எக்ஸ்சேஞ்ச் கம்பெனி ஒரு கருத்துப் படிவம் அனுப்பும். ஆர்சிஐ தரும் கோல்டு கிரவுன், சில்வர் கிரவுன் தகுதிகளில் இந்த மதிப்பெண்களுக்குப் பங்கு உண்டு. டெபாசிட் செய்யும் வாரத்துக்குக் கிடைக்கும் டிரேடிங் பவரிலும், அதாவது மாற்று மதிப்பிலும், உண்டு. ரிசார்ட்டின் மதிப்பெண் இறங்கினால் அங்கே வாரம் வைத்திருக்கும் உரிமையாளர்களின் எக்ஸ்சேஞ்ச் மதிப்பும் இறங்கும், அப்போது போர்டு காது கொடுத்துக் கேட்கும். அறை நன்றாக இருந்தால் நன்றாக இருந்தது என்றே எழுதுங்கள், செக்-இன் பகுதியில் மட்டும் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

இதையொட்டி உங்களிடம் ஒரு கேள்வி. ஆர்லாண்டோவில் உங்கள் ரிசார்ட் எக்ஸ்சேஞ்சில் வருபவர்களிடம் என்ன வாங்குகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? அங்கே உங்களுக்கு ஓட்டு இருக்கிறது. வருடாந்தரக் கூட்ட அறிவிப்பும் பட்ஜெட்டும் உங்களுக்குத் தபாலில் வருகின்றன. வேகஸில் நீங்கள் திட்டியதை உங்கள் போர்டும் செய்துகொண்டிருந்தால், அதைக் கேட்க உரிமையுள்ளவர் நீங்கள்தான்.

பிரசென்டேஷனுக்குப் போகாமல் விட்டதற்காக வருத்தப்பட வேண்டாம். கவுண்டரில் சாவியைக் கொடுத்துவிட்டு, பார்க்கிங் பாஸ் வாங்க இன்னொரு மேஜைக்கு அனுப்புவார்கள். அந்த மேஜையில் இருப்பவர் விற்பனை ஆள். 90 நிமிஷம் என்று சொல்வது மூன்று மணி நேரம்வரை இழுப்பதுண்டு, முடிவில் நீட்டும் தாள் பல ஆயிரம் டாலருக்கானது. போயே ஆக வேண்டும் என்றால், கட்டணத்தைக் கழிப்பதாகச் சொன்னதை எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். மயங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், ரத்துசெய்ய நெவாடாவில் 5 நாள், கலிஃபோர்னியாவில் 7 நாள், ஃப்ளோரிடாவில் 10 நாள் அவகாசம் உண்டு. எழுத்தில்தான் ரத்துசெய்ய வேண்டும், தபால் சான்றோடு.

மாவி கதை வேறு. ஹவாயில் நீங்கள் பார்த்தது உண்மையான வரி. டைம்ஷேரில் தங்குபவர்களிடமும் அந்த மாநிலம் தங்குமிட வரி வாங்குகிறது. வாடகை என்று ஒன்று இல்லாததால், அந்த யூனிட்டின் ஒரு நாள் மெயின்டனன்ஸ் ஃபீயில் பாதியை வாடகை மதிப்பாக எடுத்துக்கொண்டு அதன்மேல் கணக்கிடுகிறார்கள். மாநிலத்தின் பங்கும் மாவிக் கவுன்டியின் 3 சதவீதமும் சேர்ந்து 13-14 சதவீதம் வரும். ஒரு வாரத்துக்கு 2,100 டாலர் மெயின்டனன்ஸ் உள்ள யூனிட் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 300, அதில் பாதி 150, அதில் 14 சதவீதம் 21 டாலர். ஏழு இரவுக்கு 147. இதை அங்கே வாரம் வைத்திருக்கும் உரிமையாளரும் கட்டுகிறார், எக்ஸ்சேஞ்சில் போகிறவரும் கட்டுகிறார். தள்ளுபடி கேட்டுப் பயனில்லை. இதற்கு மேல் ரிசார்ட் ஃபீயோ பார்க்கிங் கட்டணமோ தனியாக இருக்கிறதா என்று மட்டும் கன்ஃபர்மேஷனில் பாருங்கள். இருந்தால், ரத்துசெய்யும் கடைசித் தேதிக்கு முன்பே ரிசார்ட்டுக்கு மின்னஞ்சல் போட்டு மொத்தத் தொகையை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

அண்ணன் விஷயம். கிளப் மஹிந்திரா மெம்பராக ஆர்சிஐயில் வருபவரும் ஆர்லாண்டோ கவுண்டரில் உங்களைப் போல ஓர் எக்ஸ்சேஞ்ச் விருந்தினர்தான், கட்டாயக் கட்டணம் இருந்தால் அவருக்கும் உண்டு. ஒரே ஒரு வித்தியாசம், அவர் இந்திய கார்டில் கட்டினால் டாலர் மாற்றத்துக்கு வங்கி வாங்கும் கூடுதல் கட்டணமான மார்க்கப்பும் அதற்கு ஜிஎஸ்டியும் சேரும். செக்-இன்னில் டெபாசிட்டுக்காக ஒரு தொகையைக் கார்டில் நிறுத்தியும் வைப்பார்கள், அது விடுபடச் சில நாள் ஆகும். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவைத்து, லிமிட்டையும் பார்த்துக்கொண்டு கிளம்பச் சொல்லுங்கள். நான் மேலே சொன்ன 60 நாள் சட்டம் அமெரிக்காவில் கொடுக்கப்பட்ட கார்டுகளுக்கானது. அவர் டிஸ்ப்யூட் போட்டால் அது அவருடைய வங்கியின் விதிகளின்படியும் விசா, மாஸ்டர்கார்டு விதிகளின்படியும் நடக்கும்.

மெம்பர்ஷிப் விற்றபோது "வெளிநாட்டில் தங்க ஒரு பைசா கூடுதல் இல்லை" என்று யாராவது அவருக்கு எழுத்தில் கொடுத்திருந்தால் அது பொக்கிஷம். 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்ற நிறுவனம் எங்கே இருந்தாலும் அவர் குடியிருக்கும் சென்னையிலேயே மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், இணைய வழியாகவும் கொடுக்கலாம். வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தால் நிரூபிப்பது கஷ்டம். அவர் செய்ய வேண்டிய முதல் வேலை எளிது. எக்ஸ்சேஞ்சை உறுதிசெய்யும் பொத்தானை அழுத்துவதற்கு முன் அந்த ரிசார்ட்டின் கட்டணப் பக்கத்தைப் படம் எடுத்து உங்களுக்கும் ஒரு நகல் அனுப்பட்டும். நீங்கள் இங்கிருந்தே ரிசார்ட்டுக்குப் போன் செய்து, "எக்ஸ்சேஞ்ச் கெஸ்ட், ஏழு இரவு, ஒரு கார், மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டு, அதையே மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள்.

உங்கள் வேகஸ் கட்டணம் வந்த கார்டு ஸ்டேட்மென்டின் தேதியை நீங்கள் எழுதவில்லை. 60 நாள் அதிலிருந்துதான் ஓடுகிறது என்பதால், இன்றே அதை எடுத்துப் பாருங்கள்.